உங்களுக்குத் தெரியுமா? பளபள டைல்ஸில் திட்டுத் திட்டாய்ப் படியும் சீலர்

● 'போர்சலீன்' என்ற பெயரை டைல் சும்மா வாங்கிவிட முடியாது. சர்வதேசத் தரவிதி ஐஎஸ்ஓ 13006-இன்படி, தூளை அழுத்திச் செய்யும் போர்சலீன் டைல் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. வீட்டுக் கூடத்தில் போடும் இரண்டுக்கு இரண்டு அடி டைல் ஏறக்குறைய 8 கிலோ இருக்கும். அது உறிஞ்சக்கூடியது அதிகபட்சம் 40 கிராம் தண்ணீர். சமையலறைச் சுவரில் ஒட்டும் சாதாரண டைலோ 10 சதவீதத்துக்கு மேல் குடிக்கும். கடைக்காரர் 'வெட்ரிஃபைடு' என்று எடுத்துக் காட்டுவது இந்தப் போர்சலீன் வகையைத்தான்.

● தண்ணீரே குடிக்காத டைலுக்கு, கறை இறங்காமல் தடுக்கப் பூசும் சீலர் எதற்கு? குற்றவாளி பாலிஷ். சூளையில் 1200 டிகிரி செல்சியஸ் அளவில் களிமண்ணும் ஃபெல்ஸ்பாரும் இறுகும்போது, உள்ளே மாட்டிய காற்று நுண்குமிழ்களாக அங்கேயே தங்கிவிடும். எல்லாம் மூடிய குமிழ்கள். இருந்தும் தொல்லை இல்லை. ஆனால் பளபளப்பு வேண்டுமென்று சிலிக்கன் கார்பைடு கற்களால் மேல்பரப்பைச் சீவித் தேய்க்கும்போது குமிழ்களின் தலை பறந்துவிடுகிறது. மைக்ரான் கணக்கில் அளக்க வேண்டிய பள்ளங்கள் வாய் திறந்து நிற்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, மார்க்கர் மைக்கும் மஞ்சள் கலந்த எண்ணெய்க்கும் நன்றாகத் தெரியும். சீலர் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தப் பள்ளம் மட்டுமே. அதற்கு வெளியே, டைலின் முகத்தில் தங்குகிற ஒவ்வொரு துளியும் திட்டாகத்தான் முடியும்.

● சீவாத மேட் ஃபினிஷ் போர்சலீனுக்கு இந்தப் பஞ்சாயத்தே கிடையாது.

● பளபளக்கிற எல்லா டைலுக்கும் சீலர் தேவையில்லை. பெட்டியில் 'பிஜிவிடி' என்று அச்சிட்டிருந்தால் அது கிளேஸ் பூசி, அந்தக் கிளேஸையே பாலிஷ் செய்த டைல். கண்ணாடி போன்ற அந்தத் தோலுக்குள் சீலர் இறங்க வழியில்லை. 'டபுள் சார்ஜ்', 'சால்யுபிள் சால்ட்' என்றிருந்தால் டைலின் உடம்பையே சீவிப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெட்டி கைவசம் இல்லையா? உடைந்த துண்டின் ஓரத்தைப் பாருங்கள். டபுள் சார்ஜில் மேல் நிறம் 3, 4 மில்லிமீட்டர் தடிமனுக்கு இறங்கியிருக்கும். பிஜிவிடியில் படம் மெல்லிய தோலோடு நின்றுவிடும்.

● 'நானோ பாலிஷ்' என்பது வெறும் விளம்பரச் சொல் இல்லை. தொழிற்சாலையிலேயே மிக நுண்ணிய சிலிக்கா துகள் கலந்த திரவத்தைத் தேய்த்து, திறந்த பள்ளங்களை அடைத்துவிடுகிறார்கள். பளபளப்பும் கூடுகிறது. இப்படி அடைத்துவந்த டைலில் மறுபடியும் சீலர் பூசினால் அது எங்கே போகும்? போக்கிடம் இல்லாமல் மேலேயே உட்காரும். வீட்டுக்காரர் காசு கொடுத்துத் திட்டு வாங்குகிற கதை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

● வேண்டுமா, வேண்டாமா என்று தெரிந்துகொள்ள ஒரு மார்க்கர் போதும். பரணில் கிடக்கும் மிச்ச டைலில் பெர்மனன்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்து, பத்து நிமிடம் விட்டு, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். சுத்தமாகப் போனால் சீலர் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். சாம்பல் நிழலோ புள்ளிப் புள்ளியான மையோ தங்கினால் பள்ளங்கள் திறந்திருக்கின்றன. இந்தச் சோதனையைப் போட்டு முடித்த தரையில் செய்துவிடாதீர்கள்.

● ஆய்வகத்திலும் ஏறக்குறைய இதே சோதனைதான். ஐஎஸ்ஓ 10545-14 விதிப்படி, எண்ணெயில் கலந்த பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு, அயோடின் கரைசல், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றை டைலில் விட்டு 24 மணி நேரம் காத்திருப்பார்கள். வெந்நீரிலேயே கறை போனால் 5-ஆம் வகுப்பு. எதற்கும் மசியாவிட்டால் 1-ஆம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர்: இங்கே ஐந்தாம் வகுப்பில் இருப்பதே பெருமை.

● சீலரில் இரண்டு ஜாதி. ஒன்று மேலே படலமாக நிற்பது, இன்னொன்று உள்ளே ஊறுவது. முதல் வகை சிமென்ட் தரைக்கும் செங்கல்லுக்கும் சரி. பாலிஷ் போர்சலீனில் பிடிமானம் கிடைக்காமல் சில மாதத்தில் உரியத் தொடங்கும். இங்கே வேண்டியது ஊறும் வகை. ஃப்ளூரோபாலிமர், சிலேன், சிலாக்சேன் என்று லேபிளில் ஏதாவது ஒன்று இருக்கும். 'வெட் லுக்', 'ஹை கிளாஸ்' என்று எழுதியிருந்தால் பாட்டிலை அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடலாம்.

● பூசும் நாளில் செய்யும் முதல் தவறு, ஃபேனைப் போட்டுக்கொள்வது. வியர்க்கிறது, போடத்தான் தோன்றும். ஆனால் சீலரில் பெரும் பங்கு அதைச் சுமந்து வரும் கரைப்பான் அல்லது தண்ணீர். காற்றடித்தால் அது நிமிடத்தில் ஆவியாகி, மேலே நிற்கும் பிசின் அப்படியே காய்ந்துவிடும். துடைக்கத் துணி எடுப்பதற்குள் காரியம் கைமீறிவிடும். சித்திரை வெயில் அடிக்கும் பால்கனித் தரையிலும் இதே கதைதான். காலையில், தரை குளிர்ந்திருக்கும்போது, ஃபேனை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். ஜன்னல்களைத் திறந்து வைப்பது அவசியம். கரைப்பான் கலந்த சீலரின் ஆவி தலைவலி தரும், தீயும் பிடிக்கும். சாமி விளக்கை அன்றைக்கு வேலை முடிந்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

● இனி செய்முறை. இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். தரையைக் கழுவி ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். டைல் காய்ந்துவிடும், இடுக்கில் ஈரம் நிற்கும்; ஈரத்தின் மேல் சீலர் பட்டால் வெளுத்துப் போகும். இருவர் வேண்டும். ஒருவர் பூச, ஒருவர் துடைக்க. ஒரே நேரத்தில் நான்கைந்து டைல், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. சீலரைத் தரையில் ஊற்றாமல் துணியில் ஊற்றி, டைல் லேசாக ஈரம் பட்டதுபோலத் தெரியும் அளவுக்குத் தடவுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறட்டும். சரியான நேரம் பாட்டிலில் இருக்கும். அது காய்வதற்கு முன்பே, மேலே நிற்பதை உலர்ந்த துணியால் வழித்தெடுக்க வேண்டும். உடனே இன்னொரு புதிய துணியால் வட்டமாக அழுத்தித் தேய்க்க வேண்டும். முதல் துணி நனைந்ததும் தூக்கிப் போடுங்கள். நனைந்த துணி சீலரை எடுப்பதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றி வைக்கிறது. திட்டுகளில் பல இந்தத் துணிச் சிக்கனத்தால் வருகிறவை. சீலருக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டுப் பழைய பனியனில் மிச்சம் பிடிப்பவர்களை என்ன சொல்ல!

● இரண்டாவது கோட்? கிரானைட் போன்ற கல்லுக்குத் தேவைப்படலாம். போர்சலீனுக்கு ஒன்றே அதிகம்.

● காரியம் சரியாக முடிந்ததா என்று டியூப் லைட் வெளிச்சத்தில் நின்று பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். கண்ணாடிபோன்ற பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்பியடிக்கும். மெல்லிய படலம் இருந்தால் அந்த இடத்தில் ஒளி சிதறி மங்கல் தெரியும். ஒளி சாய்ந்து வந்தால்தான் அது கண்ணில் படும். அதனால்தான் காலையில் பளிச்சென்றிருந்த கூடம், மாலையில் மேற்கு ஜன்னல் வழியே வெயில் விழும்போது துடைத்த கோடுகளாக இளிக்கிறது. வேலை நடக்கும்போதே செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்து, எதிர்ப்பக்கத்தில் குனிந்து பாருங்கள். மிச்சம் இருப்பது அத்தனையும் தெரிந்துவிடும்.

● பூசிய மறுநாள் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். ஒவ்வொரு அடியும் தடமாகப் பதிந்து நின்றால், மேலே இன்னும் பிசின் இருக்கிறது. செருப்பை வாசலில் விடும் நம் வீடுகளில் இது தெரியாமல் போகவே போகாது.

● சரி, திட்டு விழுந்துவிட்டது. என்ன செய்வது? அதற்கு மருந்து பெரும்பாலும் அதே பாட்டிலில்தான் இருக்கிறது. காய்ந்த சீலரை இளக்க அதே சீலர் போதும். வெள்ளை நைலான் பேடில் கொஞ்சம் ஊற்றித் திட்டின் மேல் தேய்த்தால், உள்ளிருக்கும் கரைப்பான் பழைய படலத்தை இளக்கும். விடாமல், உடனே, உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். வாரக்கணக்கில் இறுகிப்போனதாக இருந்தால், கரைப்பான் வகைச் சீலருக்கு டர்பன்டைனோ அந்த நிறுவனமே விற்கும் ரிமூவரோ வேண்டியிருக்கும். மூலையில் ஒரு டைலில் செய்து பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வாருங்கள்.

● பேட் வெள்ளையாகவே இருக்கட்டும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நிற ஸ்கிரப்பரில் உரசும் துகள் கலந்திருக்கும். திட்டு போகும், கூடவே பளபளப்பும் போகும்.

● மங்கலாகத் தெரிவதெல்லாம் சீலர் இல்லை. புது வீட்டில் பாதி நேரம் அது சிமென்ட் பால். இடுக்கு அடைக்கும்போது ஸ்பாஞ்சால் துடைத்த தண்ணீர் காய்ந்து விட்டுப்போன படலம். கண்டுபிடிக்க ஒரு துளி எலுமிச்சைச் சாறு, இடுக்கில் படாமல், டைலின் நடுவில். சிறிது நேரத்தில் அந்த வட்டம் தெளிந்தால் சிமென்ட். அசையாமல் நின்றால் பிசினோ மெழுகோ. சிமென்ட் படலத்துக்கு மேலேயே சீலரைப் பூசிவிட்டால் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியது மாதிரி.

● மெழுகா? ஆமாம். பாலிஷ் போர்சலீன் பயணத்தில் கீறாமலிருக்கச் சில தொழிற்சாலைகள் முகத்தில் மெழுகு தடவி அனுப்புகின்றன. இந்தியாவின் டைல் உற்பத்தியில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பி என்ற ஒரே ஊரிலிருந்து வருகிறது. அங்கிருந்து நம்மூருக்கு லாரியில் பல நாள் குலுங்கி வர வேண்டும். ஆனால் போட்ட பிறகு அந்த மெழுகு எடுபடாமல் இருந்தால், தூசி ஒட்டும், சீலர் உள்ளே இறங்காது, எத்தனை முறை துடைத்தாலும் தரை மங்கியே கிடக்கும். மெழுகை எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

● வெள்ளை டைலுக்குக் கறுப்பு இடுக்கு வைப்பது இப்போது ஃபேஷன். படத்தில் அழகு. ஆனால் கறுப்புச் சாயத்தூள் திறந்த பள்ளங்களில் இறங்கி, ஒவ்வொரு டைலைச் சுற்றியும் சாம்பல் விளிம்பு கட்டிவிடும். இந்த ஒரு சந்தர்ப்பத்தில் இடுக்கு அடைப்பதற்கு முன்பே சீலர் பூசிவிட வேண்டும். டைலின் பக்கவாட்டில் மட்டும் வழியக் கூடாது. வழிந்தால் அடைப்பு பிடிக்காது. மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டிய விஷயம் இது, அன்றைக்குக் காலையில் சொன்னால் முகம் சுளிப்பார்.

● உண்மையில் தரையில் அதிகம் உறிஞ்சுவது அந்த 2, 3 மில்லிமீட்டர் இடுக்குதான். வெள்ளை சிமென்டோ சிமென்ட் கிரவுட்டோ அடைத்திருந்தால் அதற்குச் சீலர் கட்டாயம் என்றே சொல்லலாம். எபாக்ஸி அடைத்திருந்தால் வேண்டாம்; ஆனால் எபாக்ஸியை அன்றே துடைக்காமல் விட்டால் அது விடும் படலத்துக்குச் சீலர் திட்டு எவ்வளவோ மேல்.

● புது வீட்டுச் சமையலறையில் மஞ்சள்தூள் சிந்தியதும் இடுக்கு மட்டும் சிவப்பாக மாறியதைப் பார்த்திருக்கிறீர்களா? ஆரத்தித் தட்டில் நடப்பதேதான். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். குர்குமின் காரத்தில் நிறம் மாறும். புது சிமென்ட்டும் காரம். சோப்புப் போட்டால் இன்னும் சிவக்கும், பயந்துவிடாதீர்கள். குர்குமினுக்கு வெயில் ஆகாது: சூரிய ஒளி படும் இடமென்றால் சில நாளில் தானே வெளுக்கும். படாத இடத்துக்கு மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு.

● வேலை முடிந்ததும் 'ஆசிட் ஊத்தி ஒரு கழுவு கழுவிடலாம்' என்பார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் போர்சலீனை ஒன்றும் செய்யாது. இடுக்கை அரிக்கும், நிலைவாசலில் போட்ட மார்பிளைக் குதறும், அதன் புகை ஸ்டீல் குழாயையும் கீலையும் துருப்பிடிக்க வைக்கும். சல்ஃபாமிக் அமிலம் இதைவிடச் சாது; அதையும் இடுக்கு நன்றாக இறுகிய பிறகு, நனைத்த தரையில், நீர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். எந்த அமிலமானாலும் பிளீச்சிங் பவுடரோடு சேரவே கூடாது. கிளம்புவது குளோரின் வாயு.

● போர்சலீனுக்கே எமனாக இருக்கும் அமிலம் ஒன்று உண்டு: ஹைட்ரோஃப்ளூரிக். கண்ணாடியைக் கரைப்பது போலவே டைலின் பளபளப்பையும் கரைத்துவிடும். சில துருக்கறை நீக்கிகளில் அதுவோ அதன் உப்போ இருக்கும். 'ஃப்ளூரைடு' என்ற வார்த்தை லேபிளில் இருந்தால் தரைப்பக்கம் கொண்டுவர வேண்டாம். மனிதத் தோலுக்கும் அது கொடியது.

● ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடைப்பது நல்ல பழக்கம் என்றே பலரும் நினைக்கிறோம். தண்ணீர்ப் பஞ்சம் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு வீணாக்க மனம் வராது. ஆனால் அந்தத் தண்ணீரில்தான் உப்பு முழுவதும் திரண்டிருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 10500, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. போர்த் தண்ணீரே அதைத் தாண்டும் இடங்களில் ஆர்ஓ கழிவு எப்படி இருக்கும்! மேட் தரையில் தெரியாது. பாலிஷ் தரையில், அதிலும் கறுப்பு டைலில், காய்ந்ததும் வெள்ளைக் கோடு கோடாக எழுந்து நிற்கும். சீலர் பூசியவரைத் திட்டுவதற்கு முன் வாளியைப் பாருங்கள். அந்தத் தண்ணீரைக் கழிப்பறைக்கும் வாசலுக்கும் வைத்துக்கொண்டு, கூடத்துக்குக் கடைசித் துடைப்பை மட்டும் அரை வாளி நல்ல தண்ணீரில் செய்தால் போதும்.

● உப்புத் தண்ணீரில் சோப்பும் சேர்ந்தால் கால்சியம் சோப்பு என்ற பிசுபிசுப்பு உண்டாகும். மூடி மூடியாக ஃபினைல் ஊற்றும் வீட்டிலும் இதே பிசுபிசுப்பு. அளவைக் கூட்டினால் சுத்தம் கூடாது, படலம்தான் கூடும்.

● தரை துடைக்க மைக்ரோஃபைபர் துணிக்கு ஏன் இவ்வளவு மவுசு? 9000 மீட்டர் நீள இழை ஒரு கிராம்கூட எடை இல்லாத அளவுக்கு மெல்லியது. ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ 1970-இல் இவ்வளவு நுண்ணிய இழையை உருவாக்கியது செயற்கை மான்தோல் துணிக்காக. துடைப்பதற்கு அது வந்தது பிற்பாடு. துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் மட்டும் ஊற்றாதீர்கள். அது இழையில் படிந்து, அடுத்த முறை தரைக்கு இடம் மாறும்.

● சீலர் பூசிய தரையில் தண்ணீர் தாமரை இலையில் போல உருண்டு ஓட வேண்டும் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. பாலிஷ் போர்சலீனில் அது நல்ல அடையாளம் அல்ல. சீலர் பள்ளத்துக்குள் இருக்கிறது, முகத்தில் இல்லை. தண்ணீர் கொஞ்சம் பரவத்தான் செய்யும். அட்டகாசமாக உருண்டு ஓடினால், மேலே ஏதோ மிச்சம் இருக்கிறதோ என்று சந்தேகப்படலாம்.

● வழுக்குவதை எந்த ஊறும் சீலரும் குறைக்காது. குளியலறையில் பாலிஷ் போர்சலீன் போடுவதே தப்பு. பிறகு அதற்குச் சீலர் தேடுவது அடுத்த தப்பு.

● கட்டடத்துக்குப் பீங்கான் புதிது இல்லை. சீனாவின் நான்ஜிங் நகரில் 15-ஆம் நூற்றாண்டில் வெள்ளைப் பீங்கான் செங்கற்களால் முகப்பு வேய்ந்த கோபுரம் எழுந்தது. 1856-இல் தைப்பிங் கிளர்ச்சியின்போது தகர்க்கப்பட்டது. சீனப் பீங்கான் நம் கரைக்கும் வந்திருக்கிறது: ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் மண்ணைத் தோண்டியபோது சீனப் பாத்திரங்களின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. அந்தக் காலத்துப் பாத்திரத்துக்குச் சீலர் கவலை இல்லை. கிளேஸைச் சீவும் வழக்கம் யாருக்கும் வரவில்லை.

● ஆத்தங்குடிக் கல்லுக்கு இந்தப் பக்கத்தில் சொன்ன எதையும் செய்து வைக்காதீர்கள். அது சூளை காணாதது. கண்ணாடி மேல் வண்ணச் சிமென்ட் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. பளபளப்பு அந்தக் கண்ணாடியின் கொடை. நன்றாக உறிஞ்சும், நடக்க நடக்க மெருகேறும். எலுமிச்சைச் சாறு பட்டாலே அரித்துவிடும்.

● மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். கடினத்தன்மை அளவுகோலில் 7. பாலிஷைக் கீறப் போதும். வாசலில் ஒரு நல்ல மிதியடி செய்யும் வேலையை எந்தச் சீலரும் செய்யாது.

● சீலர் ஆயுளுக்கும் நிற்காது. ஆனால் ஆண்டுதோறும் பூசு என்று யாராவது சொன்னால் அவர் விற்கிறவராக இருப்பார். அடுப்பின் முன்பும் சாப்பாட்டு மேஜைக்கு அடியிலும் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு அரை மணி கழித்துத் துடைத்துப் பாருங்கள். நிழல் தங்கினால் அந்த நான்கைந்து டைலுக்கு மட்டும் பூசினால் போதும். துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் திணிக்காமல், மொட்டை மாடியில் விரித்துக் காயவைத்துவிட்டுப் போடுங்கள். கரைப்பான் வாடை அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம்.